ஓட்டல் அறையில் ஒரு சைக்கிள்

அந்த அக்காவை நான் முதலில் பார்த்தது எங்கள் கட்டிடத்து லிஃப்டில். துபாயில் கராமா பகுதியில் நாங்கள் நான்கு நர்ஸ்கள் சேர்ந்து ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். அக்கா எங்களுக்குக் கீழ் மாடியில் குடியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு வேலை. அன்று நான் நைட் டூட்டி முடிந்து வருகிறேன். அவர் மஞ்சள் ஹெல்மெட்டோடு, முன் சக்கரத்தை மேலே தூக்கி நிறுத்திய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குள் நிற்கிறார். நானும் ஏறிக்கொண்ட பிறகு யாரும் திரும்பக்கூட இடமில்லை.

“உமக்கு ஓடத் தெரியுமோ?” என்று கேட்டார்.

“ஓடவா? ஸ்கூல்ல படிக்கும்போது ஓடினதுதான்.”

அவர் சிரித்துவிட்டார். “சைக்கிளைக் கேட்டனான், பிள்ளை.”

யாழ்ப்பாணத்தில் சைக்கிளை ஓட்டுவதில்லை, ஓடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஊரில் கல்லூரிக்குச் சைக்கிளில் போனவள்தான் நான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு தொட்டதில்லை. கணவரும் மகளும் குமரி மாவட்டத்தில் கடற்கரை ஊரில் இருந்தார்கள். எனக்கு இங்கே டூட்டி, ரூம், வெள்ளிக்கிழமை லீவில் சர்ச்சில் பூசை, இவ்வளவுதான். அக்கா விடவில்லை. யாரோ விற்ற ஒரு சைக்கிளைப் பார்த்து வாங்கிக் கொடுத்து, அடுத்த மாதமே என்னைத் தன் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அக்கா, நான், இன்னும் இரண்டு ஆண்கள். ஒருவர் சிவகங்கைப் பக்கத்து அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தார். இன்னொருவர் கோயம்புத்தூர்த் தம்பி, கட்டிடப் பொறியாளர். அவனிடம் கார் இருந்தது. வெள்ளிக்கிழமை விடியும் முன்பே காரின் பின்னால் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு அல் குத்ரா பக்கம் போவோம். அங்கே பாலைவனத்துக்குள் சைக்கிளுக்கென்றே போட்ட பாதை இருக்கிறது. ஒருவர் பின்னால் ஒருவராக, சக்கரத்தை ஒட்டிச் சக்கரமாக வரிசையில் ஓட்டுவோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்பு போதும். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் இருப்பவர் விலகிக் கடைசிக்கு வந்துவிடுவார், அடுத்தவர் முன்னால் போவார். என்னை மட்டும் அவர்கள் முன்னால் விட்டதே இல்லை. “நீ இன்னும் புதுசு” என்பார் அண்ணன். முடிந்ததும் கராமாவில் வந்து பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு, நான் பூசைக்கு ஓடுவேன். இங்கே ஓடுவேன் என்றால் உண்மையிலேயே ஓடுவதுதான்.

பிறகு கொரோனா வந்தது.

முதலில் பாதையை மூடினார்கள். அடுத்து, வெளியே போவதற்கே பெர்மிட் வேண்டும் என்றானது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு முழுவதையும் கொரோனாவுக்கு ஒதுக்கினார்கள். அதில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகக் கூடாது என்று எங்களை ஒரு ஓட்டலில் தங்கவைத்தார்கள். ஆளுக்கு ஓர் அறை. வெள்ளை மெத்தை, பெரிய டிவி, திறக்க முடியாத சன்னல். வேறு நாளாக இருந்தால் அந்த அறையைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பியிருப்பேன். ஆஸ்பத்திரி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், திரும்பக் கொண்டுவந்து விடும். சன்னலுக்கு வெளியே ஷேக் சாயித் சாலைக்குப் போகும் பெரிய ரோடு. எப்போதும் வண்டி நிற்காத அந்த ரோட்டில் ஒரு பூனை மெதுவாக நடந்து போவதைப் பார்த்தேன்.

வார்டில் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். சாரம் கட்டும் வேலை. தமிழ் பேச அங்கே நான் ஒருத்திதான். முகக்கவசம், கண்ணாடி, மேலங்கி என்று எல்லாம் போட்டுக்கொண்டு நின்றாலும் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். “கன்னியாகுமரி வந்துருச்சா?” என்று கேட்பார். ஒருநாள் அவருக்கு மூச்சு மிகவும் மோசமானது. தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால் அவருடைய மனைவியைப் போனில் அழைத்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அந்த அம்மாதான் பேசினார். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். இவர் தலையை ஆட்டினார். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. டூட்டி முடிந்து அறைக்கு வருவேன், குளிப்பேன், உட்கார்ந்தபடியே இருப்பேன். ஊரிலிருந்து போன் வந்தால் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுப்பேன். கணவர் கேட்பார், “நல்லா இருக்கியா?” நான், “எனக்கு என்ன, ஓட்டல்ல ராணி மாதிரி இருக்கேன்” என்பேன். அக்காவும் தம்பியும் அழைத்தால் எடுக்க மாட்டேன். அவர்களிடம் பொய் சொல்லத் தெம்பில்லை.

ஒரு சாயங்காலம் அண்ணன் அழைத்தார். ஏனோ எடுத்துவிட்டேன்.

“ஏத்தா, கீழ வா. கண்ணாடிக் கதவுகிட்ட வந்து நில்லு.”

இறங்கிப் போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய கம்பெனி பிக்கப் நின்றது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை என்பதால் அவருக்குப் பெர்மிட் இருந்தது. ஓட்டல் வாசலில் என்னுடைய சைக்கிள். பக்கத்தில், பின் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்ட். அதில் மாட்டிவிட்டால் நகராமல் ஒரே இடத்தில் மிதிக்கலாம், பாரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நேபாளத்து செக்யூரிட்டி சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றான்.

“நஹி பாய், சைக்கிள் அந்தர் நஹி ஜாயேகா.” சைக்கிளை உள்ளே விட முடியாதாம்.

அண்ணன் ரோட்டுக்கு அப்பாலிருந்தே தன்னுடைய இந்தியில் கத்தினார். “பாய், ஏ சைக்கிள் நஹி! சிஸ்டர் கா தவாய்!”

தவாய் என்றால் மருந்து. செக்யூரிட்டி என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தான். பிறகு ஒரு ஸ்பிரே பாட்டிலை எடுத்து அந்தச் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினான். சீட்டு, செயின், பெடல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான். அவன் முடிக்கும்வரை நான் கதவுக்கு இந்தப் பக்கமும் அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கமுமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றோம்.

“எப்படி அண்ணே கொண்டு வந்தீங்க?”

“அக்கா ஒன் ரூம் புள்ளைககிட்ட வாங்கி வாசல்ல வச்சாங்க, நான் தூக்கிட்டு வந்தேன். ஸ்டாண்டு தம்பியோடது. அவன்கிட்ட ரெண்டு இருக்கு.”

“எனக்கு இப்ப இதுக்கெல்லாம் மனசு இல்ல அண்ணே.”

“மனச யாருத்தா கேட்டா? கால் இருக்குல்ல? மிதி.”

சொல்லிவிட்டுக் கையை அசைத்தார், வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து நான்கு பேரும் போனில் சேர்ந்து ஓட்டத் தொடங்கினோம். என் டூட்டி எப்போது முடிகிறதோ அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். அக்கா கராமா வீட்டுப் பால்கனியில், துணிக்கொடிக்குக் கீழே சைக்கிளை நிறுத்தியிருப்பார். தம்பி ஹாலில் ஃபேனைப் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு. அண்ணனுடைய படம் மட்டும் வராது. “கேம்ப்ல நெட்டு சரியில்லத்தா, கொரல் மட்டும்தான் வரும்” என்பார். அவருடைய மூச்சு வாங்கும் சத்தம்தான் எங்கள் எல்லோரையும்விடப் பெரிதாகக் கேட்கும்.

அக்காதான் கோச். கணக்கு வேலை பார்க்கிறவர் கண்டிப்பாக இருப்பார் என்று தெரியும், இவ்வளவு கண்டிப்பு என்று தெரியாது.

“இப்ப பலமா மிதியுங்கோ. இன்னும் பலமா. தம்பி, நீர் ஏமாத்துறீர், எனக்கு இங்க தெரியுது.”

“ஏமாத்தலீங்க அக்கா, கால் புடிச்சுக்கிச்சுங்க.”

“கால் பிடிக்கட்டும். நிப்பாட்டாதேயும்.”

முதல் நாள் கால்மணி நேரத்தில் சுருண்டுவிட்டேன். ஆனால் அன்று இரவு, பல வாரங்களுக்குப் பிறகு, விளக்கை அணைக்கக்கூட மறந்து தூங்கிப்போனேன். அதற்காகவே மறுநாளும் ஏறினேன். ஸ்டாண்ட் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் இருந்த மலையாளி நர்ஸ் போன் செய்து, தோசைக்கு மாவு அரைக்கிறாயா, எனக்கும் கொஞ்சம் கொடு என்றாள். ஆஸ்பத்திரி முழுக்க அந்தக் கதை பரவிவிட்டது. வார்டில் எல்லோரும் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒருநாள், பலமாக மிதித்து முடித்து மெதுவாக மிதிக்கும் நேரத்தில், யாரும் கேட்காமலே பெரம்பலூர்க்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். போனைப் பிடித்தது, அந்த அம்மா சாப்பிட்டீங்களா என்று கேட்டது, எல்லாம். யாரும் மிதிப்பதை நிறுத்தவில்லை. சக்கரங்கள் சுற்றும் சத்தமும் அண்ணனுடைய மூச்சும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. சொல்லி முடித்த பிறகு அக்கா, “தண்ணியைக் குடியும் பிள்ளை” என்றார். குடித்தேன். வேறு எந்த ஆறுதலும் எனக்கு அன்று இவ்வளவு உதவியிருக்காது.

கோடை உச்சத்துக்கு வந்த சமயம், ஒரு காலை எழுந்து கையில் சானிடைசரைத் தேய்த்தபோது அதில் வாசனையே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. என் வார்டிலேயே, நான் வேலை செய்த அதே வரிசையில் எனக்குக் கட்டில் போட்டார்கள். சில நாட்கள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மாவு கேட்ட மலையாளிப் பெண்தான் எனக்கு நர்ஸ். ஊருக்குச் சொல்லவில்லை. டூட்டி அதிகம், பேச நேரமில்லை என்று கணவருக்கு மெசேஜ் மட்டும் போட்டேன்.

அந்த நாட்களில் அக்கா தினமும் குரல் பதிவு அனுப்புவார். அறிவுரை எதுவும் இருக்காது. ஆபீஸ் மேனேஜர் வீட்டிலிருந்து மீட்டிங் பேசும்போது பின்னால் கிளி கத்தியது, கட்டிடத்தில் தண்ணீர் வரவில்லை, இப்படி ஏதாவது. கடைசியில், “உம்மட சைக்கிள் ஓட்டல்ல பத்திரமாத்தான் நிக்குது, விசாரிச்சனான்” என்பார். மீண்டும் ஓட்டல் அறைக்கு வந்ததும் தம்பி, டெலிவரிக்காரர் ஒருவர் கையில் கஞ்சி கொடுத்து அனுப்பினான். தனியாக இருக்கும் பையன், அவனே வைத்தது. “உப்புப் போட்டனா இல்லையான்னு ஞாபகம் இல்லீங்க அக்கா, எதுக்கும் பாத்துக் குடிங்க” என்று மெசேஜ். எனக்குத்தான் ருசியே தெரியவில்லையே. முழுவதையும் குடித்தேன்.

குணமாகிக் கராமாவுக்குத் திரும்பியதும் ஊருக்கு நடந்ததைச் சொன்னேன். கணவர், “உனக்க கூட யாரு இருந்தா?” என்று மட்டும் கேட்டார். இந்த மூவரைப் பற்றிச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் போன் செய்யும்போதெல்லாம் மூவரையும் விசாரிப்பார்.

வெயில் தணியத் தொடங்கிய பிறகு, சின்னக் குழுக்களாக, நல்ல இடைவெளி விட்டு ஓட்டலாம் என்று அனுமதி வந்தது. ஒரு காரில் மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது என்பதால் அக்காவும் நானும் தம்பியோடு போனோம், அண்ணன் பிக்கப்பில் வந்தார். அல் குத்ராவில் வண்டிகளை நிறுத்தி இறங்கினோம். அத்தனை மாதம் கழித்து நான்கு பேரும் ஒன்றாக நிற்கிறோம், ஆனால் ஒருவர் கையை ஒருவர் தொட முடியாது. தம்பி அண்ணனைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டான். தாடி வளர்த்திருந்தான். அண்ணன் நன்றாக இளைத்திருந்தார்.

கார் டிக்கியில் துணி சுற்றி வைத்திருந்த ஸ்டாண்டை எடுத்துப் பிரித்துத் தம்பி முன்னால் வைத்தேன். “ரொம்ப நன்றி தம்பி. பத்திரமா வச்சிருந்தேன்.”

அவன் அதைக் குனிந்து பார்த்தான். “இது என்ற ஸ்டாண்டு இல்லீங்களே அக்கா. என்கிட்ட ஒண்ணுதானுங்க இருக்குது. அது வீட்டுல இருக்குது.”

நாங்கள் மூவரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நீங்கள் இவ்வளவு நாளும் எதில ஓடினனீங்கள்?” என்று அக்கா கேட்டார்.

“படிக்கட்டுல.”

“என்ன?”

“கேம்ப்புல படிக்கட்டு இருக்குல்ல. போன சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஏறுவேன், எறங்குவேன். நீங்க பலமா மிதிங்கம்பீக, நான் வேகமா ஏறுவேன். மெதுவாம்பீக, எறங்குவேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “லிஃப்ட் மெக்கானிக் தெனமும் படியில ஏறுறதப் பாத்துட்டு கேம்ப் வாட்ச்மேன் லிஃப்ட் ரிப்பேரான்னு கேட்டுட்டான்” என்றார்.

தம்பி சிரிக்கத் தொடங்கினான். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் முகக்கவசத்துக்குள் கண்ணீர் இறங்கி உதட்டில் உப்புக் கரித்தது. ருசி திரும்பிவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போகும்போது காற்று முதுகுப் பக்கம் அடித்தது. மிதிக்காமலே போவது போல இருந்தது. நான் முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று எனக்கே பெருமை. திரும்பினோம், அவ்வளவுதான். எதிர்க்காற்று மணலையும் சேர்த்து முகத்தில் அடித்தது. முன்பென்றால் மூவரும் எனக்கு முன்னால் வரிசை கட்டியிருப்பார்கள். இப்போது கிட்டே போகக் கூடாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காற்றை வாங்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச தூரத்திலேயே எனக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல் இருந்தது. வார்டில் கட்டிலில் கிடந்த நாள் நினைவுக்கு வந்து பயந்துவிட்டேன். பாதையோரத்தில் ஒரு வன்னி மரம், இங்கே காஃப் என்கிறார்கள், அதன் கீழே சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

மூவரும் திரும்பி வந்து, ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

“நான் போய்க் கார எடுத்துட்டு வந்துர்றேனுங்க” என்றான் தம்பி.

“பொறும்” என்றார் அக்கா.

அண்ணன் மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். “மொத நாளு நானும் இப்படித்தான் மூணாவது மாடியில ஒக்காந்துட்டேன். ஒங்ககிட்ட சொல்லல. அப்புறம் எந்திரிச்சுப் போனேன். ஒக்காருத்தா, நமக்கு என்ன அவசரம்? இன்னைக்கு லீவுதானே.”

அதற்குள் பாதையில் ரோந்து வரும் வண்டி ஒன்று வந்து ஒலிபெருக்கியில் “டிஸ்டன்ஸ்! டிஸ்டன்ஸ்!” என்றது. அக்கா அந்த வண்டியைப் பார்த்து, “ஓம், ஓம், தள்ளித்தான் நிக்கிறம்” என்று சத்தமாகத் தமிழிலேயே பதில் சொன்னார். வண்டிக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

மூச்சு நிதானமானதும் எழுந்தேன். கார் வேண்டாம் என்றேன். மூவரும் என் வேகத்துக்கு வந்தார்கள். நடந்து போகிறவர் எங்களை முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக. அக்கா பாதையின் மறு ஓரத்தில், எனக்கு நேராக வந்தார். காற்றில் தொண்டை கிழிய, மேனேஜருடைய கிளியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் நான்கைந்து இடத்தில் நின்றேன். நின்ற இடத்திலெல்லாம் அவர்களும் நின்றார்கள். ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கார் நிறுத்தம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. தம்பி எங்கிருந்தோ பேரீச்சம்பழம் வாங்கி வந்து, பொட்டலத்தைக் காரின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான். ஒருவர் பின் ஒருவராகப் போய் எடுத்துச் சாப்பிட்டோம்.

நெஞ்சு சரியாக எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக விலகின. வார விடுமுறையே வெள்ளியிலிருந்து மாறி, சனி ஞாயிறு ஆனது. நாங்களும் கிழமையை மாற்றிக்கொண்டோம். சக்கரத்தை ஒட்டிச் சக்கரமாக மறுபடி வரிசை கட்டினோம். ஒரு சனிக்கிழமை அண்ணன் விலகிக் கடைசிக்குப் போகும்போது, “போத்தா, முன்னாடி போ” என்றார். போனேன். என் பின்னால் மூன்று பேர் நிழல் போல வருகிறார்கள் என்ற நினைப்பே கால்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தம்பிக்குக் கல்யாணமாகி, இப்போது மனைவியையும் கூட்டி வருகிறான். அண்ணன் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவரிடம் படிக்கட்டுக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவர் வெட்கப்பட்டு, “அதெல்லாம் ஒங்கம்மா பெருசாக்கிச் சொல்லுது” என்றுவிட்டார்.

அக்கா போன வருடம் கனடாவுக்குத் தன் கூடப்பிறந்த தம்பியின் குடும்பத்தோடு போய்விட்டார். போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கராமாவில் வழக்கமான கடையில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு நீங்கள் மூன்று பேரும் இல்லாவிட்டால் நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருப்பேன் அக்கா, அல்லது அந்த அறையிலேயே என்ன ஆகியிருப்பேனோ தெரியாது என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அண்ணன் எங்கேயோ பார்த்தார். தம்பி சர்வரைக் கூப்பிட்டு இன்னொரு காபி சொன்னான்.

“காணும் பிள்ளை, காணும்” என்றார் அக்கா. அவர் ஊரில் போதும் என்பதைக் காணும் என்பார்கள். “பொங்கல் ஆறுது. சாப்பிடும்.”